ஆடு தொடாத செடி

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்கள் சிலர் சேர்ந்து ஆண்டு மலர் ஒன்று போடுகிறார்கள். "உங்க சர்வீஸ்ல நீங்க பெருமைப்படுற கேஸ் ஒண்ணு எழுதிக் குடுங்க சார்" என்று தமிழரசி மூன்று தடவை போன் செய்துவிட்டாள். நான் கடைசியாக வேலை பார்த்த கிளை நிலையத்தில் இப்போது அவள்தான் ஆய்வாளர். பெருமைப்பட எனக்கும் நாலு கேஸ் உண்டு. ஓர் எருமையின் வயிற்றில் குறுக்கே கிடந்த கன்றை மூன்று மணி நேரம் போராடித் திருப்பி எடுத்திருக்கிறேன். தாயும் பிழைத்தது, கன்றும் பிழைத்தது. அதை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அன்றைக்கென்று தமிழரசி ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். குள்ளஞ்சாவடிப் பக்கம் யாரோ எடுத்தது. ஒரு வெள்ளாடு நான்கு காலையும் அகட்டி நின்றுகொண்டு, எதையோ வேண்டாம் வேண்டாம் என்று மறுப்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது. "இது என்ன சார்?" என்று கீழே கேட்டிருந்தாள்.

நெய்வேலிக் காட்டாமணக்கு, உடனே ஆட்டை அந்தச் செடியிடமிருந்து பிரித்துவிடுங்கள் என்று பதில் போட்டேன். அதற்கப்புறம் எருமைக் கதையை எழுத மனசு வரவில்லை.

எங்கள் ஊர்ப் பெயரைத் தமிழ்நாடு முழுக்கச் சுமந்துகொண்டு நிற்கிற செடி அது. எந்த மாவட்டத்து ஏரிக்கரையிலும் அதை நெய்வேலிக் காட்டாமணக்கு என்றுதான் காட்டுவார்கள். தண்ணீர் தேங்குகிற இடமெல்லாம் வரும். ஒரு குச்சியை ஒடித்துச் சேற்றில் வீசினால் பத்து நாளில் துளிர்க்கும். வெற்றிலையை இழுத்து நீட்டியது போன்ற இலை. ஒடித்தால் பால் வடியும். பூ மட்டும் அவ்வளவு அழகு. வெளிறிய ஊதாவும் ரோஸும் கலந்த புனல் வடிவம். தொண்டைக்குள் மட்டும் நிறம் அடர்ந்திருக்கும். சுரங்கத்திலிருந்து இறைத்து விடுகிற தண்ணீர் ஓடும் கால்வாயின் இரண்டு கரையிலும் அது காலையில் மலர்ந்து நிற்கும்போது, முதல் ஷிப்டுக்கு சைக்கிள் மிதிக்கிறவர்கள்கூட ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். வெயில் ஏறினால் துவண்டுவிடும். மறுநாள் புதுப்பூ.

அந்தப் பூவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. பதினோரு மாதம் ஊசி போடவும், கட்டுப் போடவும், பதிவேடு எழுதவும் கற்றுக்கொடுத்தார்கள். அப்புறம் மலையோரம் ஏழு வருஷம். தொண்ணூறுகளின் நடுவில் நெய்வேலி டவுன்ஷிப்பின் விளிம்பில் இருந்த கிளை நிலையத்துக்கு மாற்றிப் போட்டார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இரண்டு அறை, வாசலில் மாட்டை நிறுத்த இரும்புக் குழாய்க் கூண்டு, ஒரு வேப்பமரம். மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. குவார்ட்டர்ஸ் கொல்லையில் ரகசியமாகப் பசு வளர்த்த அதிகாரிகள் முதல் கால்வாய்க்கரையில் ஆடு மேய்த்த கூலிக்காரர்கள் வரை எல்லாரும் அங்கேதான் வரவேண்டும். பாதிப் பேர் என்னை 'டாக்டர்' என்று கூப்பிட்டார்கள். நான் டாக்டர் இல்லை. முதலிரண்டு வருஷம் அதைத் திருத்தினேன். பிறகு விட்டுவிட்டேன்.

டாக்டர், கமலவேணி மேடம். பெரிய மருந்தகத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் எங்கள் நிலையத்துக்கு வருவார். ஒல்லியான உருவம், காட்டன் புடவை, தோளில் தொங்குகிற ஜோல்னாப் பையில் ஒரு டார்ச், ஒரு தெர்மாமீட்டர், இரண்டு பென்சில். யாரையும் அதட்டிப் பார்த்ததில்லை. ஆட்டைக்கூட "வாங்க, கொஞ்சம் நில்லுங்க" என்றுதான் பிடிப்பார். முதல் வாரம் எனக்கு அது சிரிப்பாக இருந்தது.

அவரிடம் சில முறைகள் இருந்தன. வந்த பிராணியை உடனே தொடமாட்டார். கயிற்றை அவிழ்த்துவிட்டுப் பத்தடி நடக்கச் சொல்வார். முன்னாலிருந்து ஒரு தடவை, பின்னாலிருந்து ஒரு தடவை பார்ப்பார். அப்புறம்தான் வெப்பம், கண், வாய், வயிறு. கடைசியாக வளர்க்கிறவரிடம் பேச்சு. அதிலும் "என்ன ஆச்சு?" என்று கேட்கமாட்டார். "கடைசியா எப்போ நல்லா இருந்துச்சு?" என்று கேட்பார். "என்ன ஆச்சுன்னு கேட்டா அவங்க முடிவைச் சொல்வாங்க. எப்போன்னு கேட்டா நடந்ததைச் சொல்வாங்க" என்பார். பதிவேட்டில் 'நோய்' என்ற கட்டத்தை மட்டும் பென்சிலால் எழுதுவார். உறுதியான பிறகுதான் பேனா. என் கட்டங்கள் எல்லாம் முதல் நாளே பேனாவில் இருக்கும். ஒரு நாள் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "உங்களுக்கு எல்லாமே உடனே தெரிஞ்சிடுது போல" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

டவுன்ஷிப்புக்கு வெளியே, கால்வாயை ஒட்டி ஒரு தெரு இருந்தது. நாற்பது வீடு இருக்கும். நிலமில்லாதவர்கள். பெண்கள் நடவுக்கும் முந்திரி பொறுக்கவும் போவார்கள். ஆண்கள் பலர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. வீட்டுக்கு நாலு ஆடாவது இருக்கும். ஆடும் கொல்லைச் செடியும் ஒரே தெருவில் இருந்தால் சண்டை ஓயாது. வேலி போட முள்ளும் கிடையாது, கம்பியும் கிடையாது. அவர்களுக்கு நான்தான் யோசனை சொன்னேன். கால்வாயோரக் காட்டாமணக்கில் குச்சிகுச்சியாகப் போத்து வெட்டி வரிசையாக நடச் சொன்னேன். "ஆடு தொடாத செடி. தண்ணி ஊத்தக்கூட வேணாம்" என்றேன். நானே அரிவாளோடு போய் முதல் வரிசைக்குப் போத்து வெட்டிக் கொடுத்தேன். ஒரே மழைக்காலத்தில் தெரு முழுக்க ஆளுயரத்துக்கு ஊதாப் பூ. 'சார் வேலி' என்று அதற்குப் பேர் வைத்தார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மொபெட்டை மெதுவாக ஓட்டுவேன்.

ஆடு தொடாது என்று நான் சொன்னது எங்கும் படித்ததில்லை. ஊரில் சொல்வார்கள், நானும் சொன்னேன். வேறு பச்சை இருக்கிறவரைக்கும் அது உண்மையும்கூட.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. கரையில் புல் கருகிவிட்டது. கால்வாய்த் தண்ணீரைக் குடித்து நின்ற காட்டாமணக்கு மட்டும் பச்சையாக இருந்தது.

அந்தக் கோடையில் மேடம் இருபது நாள் பயிற்சிக்குச் சென்னை போனார். "அவசரம்னா பக்கத்து மருந்தகத்து டாக்டரைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் கூப்பிடவில்லை. மூன்றாவது நாள் காலையில் அஞ்சலை ஓடி வந்தாள். அந்தத் தெருவிலேயே அதிக ஆடு வைத்திருந்தவள் அவள். பதினோரு உருப்படி. புருஷன் இல்லை. அந்த ஆடுகளை வைத்துத்தான் இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆடுங்கல்லாம் நடுங்கிக்கினு நிக்கிதுங்க டாக்டரு. ஒண்ணு எய்ந்திரிக்கவே மாட்டேங்குது. சீக்கிரம் வாங்க."

போனேன். தெருவே கூடியிருந்தது. நாலு ஆடு நடுங்கிக்கொண்டு நின்றது, ஒன்று பின்னங்கால் மடங்கிக் கிடந்தது. நான் செய்திருக்க வேண்டியது என்னவென்று இன்றைக்கும் வரிசை மாறாமல் சொல்வேன். நடக்கவிட்டிருக்க வேண்டும். பூச்சிமருந்துக்கு அடையாளமாகக் கண்மணி சுருங்கியிருக்கிறதா, எச்சில் ஒழுகுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். கடைசியாக எப்போது நன்றாக இருந்தது என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது வேறு.

"யாராவது மருந்து கிருந்து வெச்சாங்களா?"

அஞ்சலை பக்கத்து வீட்டைப் பார்த்தாள். அது அருள்தாஸ் வீடு. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற மண்ணை வாரும் வேலை அவருக்கு. அமைதியான ஆள். மனைவி ரெஜினா, பால்குடிக்கிற பெண் குழந்தை ஒன்று. அந்தத் தெருவில் கிறிஸ்தவக் குடும்பம் அது ஒன்றுதான். கொல்லையில் கத்தரியும் அவரையும் போட்டிருந்தார். வேலி சரியாக மூடாத ஒரு சந்து வழியாக ஆடு புகுந்து, அதற்கு முந்தின மாதம் இரண்டு வீட்டுக்கும் வாய்ச்சண்டை.

"இன்னொரு தபா ஆடு உள்ள வந்துச்சுன்னா மருந்து வெச்சிடுவேன்னு சொன்னான் சார். இந்தத் தெருவே கேட்டுக்கினு இருந்துச்சு" என்றாள் அஞ்சலை.

"கோவத்துல சொன்னதுங்க. நாங்க எங்க வெச்சோம்?" என்று ரெஜினா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அதற்குள் யாரோ அவர்கள் கொல்லைத் தாழ்வாரத்திலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்கள். கத்தரிக்கு அடிக்கிற பூச்சிமருந்து. அந்தப் பக்கத்தில் பாதி வீட்டில் இருக்கும். நான் அதை உயர்த்திப் பிடித்து, லேபிளில் இருந்த இங்கிலீஷ் பேரை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தேன்.

"இதுதான்" என்றேன்.

ஒரு வார்த்தை. தெருவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. வேறெப்படிச் சொல்ல?

பூச்சிமருந்துக்கு மாற்றான அட்ரோபின் ஊசியை ஐந்து ஆட்டுக்கும் போட்டேன். கிடந்த ஆட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே போட்டேன். மதியத்துக்குள் அதன் வயிறு ஊதி, செத்துப் போனது. பூச்சிமருந்து உள்ளே போகாத ஆட்டுக்கு அந்த ஊசியைப் போட்டால் இரைப்பை ஓடாமல் நின்று வயிறு ஊதும். அது எனக்குத் தெரிந்த பாடம்தான். ஆனால் அன்றைக்கு அந்தச் சாவையே நான் சாட்சியாக வைத்துக்கொண்டேன். "பாத்தீங்களா, எவ்வளவு வீரியமான மருந்து" என்றேன். பதிவேட்டில் 'பூச்சிமருந்து நச்சு' என்று பேனாவில் எழுதினேன்.

மறுநாள் முதல் தெருக்குழாயில் ரெஜினாவைத் தண்ணீர் பிடிக்க விடவில்லை. அஞ்சலையின் அண்ணன் கலியமூர்த்தி மேஸ்திரி. சுரங்கத்துக்கு ஆள் கூட்டிப் போகிறவர் அவர்தான். அருள்தாஸை மறுபடி வேலைக்குக் கூப்பிடவில்லை. அருள்தாஸ் ஒரு முறை நிலையத்துக்கு வந்தார். வேப்பமரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"சார், மாதா மேல ஆணையா நான் வெக்கல. நீங்க இன்னொரு தபா பாத்து சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"எனக்குத் தெரிஞ்சதைத்தான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு மருந்துப் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மேடம் திரும்பி வந்ததும் முதலில் பதிவேட்டைத்தான் எடுத்தார். அந்தப் பக்கத்தில் விரல் நின்றது.

"கண்மணி எப்படி இருந்துச்சு?"

"கவனிக்கலை மேடம்."

"எச்சில்?"

அதையும் நான் பார்த்திருக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றார்.

அதற்குள் இன்னும் மூன்று ஆடு நடுங்க ஆரம்பித்திருந்தது. அஞ்சலையிடம் மேடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். கடைசியாக எப்போது நன்றாக இருந்தது?

அஞ்சலை யோசித்தாள். "பொங்கலுக்கு நல்லாத்தான் இருந்துச்சுங்கம்மா. அப்பறம் எளைக்க ஆரம்பிச்சுதுங்க. மாசிலியே ஒண்ணு ரெண்டு தலைய ஆட்டிக்கினுதான் இருந்துச்சு. ரெண்டு, மாசம் முடியாமயே குட்டி வீசிடுச்சு."

மாசி. அருள்தாஸோடு சண்டை வந்தது பங்குனியில்.

மேடம் ஒரு ஆட்டின் முன் உட்கார்ந்தார். "கொஞ்சம் நில்லுங்க" என்று அதன் தாடையைப் பிடித்து, மூக்கு வானத்தைப் பார்க்கும்படி மெதுவாகத் தூக்கினார். அப்படியே ஒரு நிமிஷம் வைத்திருந்தார். கையை எடுத்ததும் ஆடு பின்பக்கமாகச் சரிந்து, குடித்தவன் மாதிரி உட்கார்ந்துவிட்டது. எழுந்திருக்க முடியாமல் தலை மட்டும் ஆடியது. நன்றாக இருந்த இன்னொரு ஆட்டுக்கும் அதே மாதிரி செய்தார். அது தலையை உதறிவிட்டு நடந்து போனது. பதினொன்றில் மிஞ்சியிருந்த பத்தையும் ஒன்று ஒன்றாகத் தூக்கிப் பார்த்தார். ஏழு விழுந்தது.

"இதுங்க மேய்ச்சலுக்குப் போகட்டும். நாம பின்னாடியே போவோம்" என்றார்.

பகல் பதினோரு மணி வெயில். மேடம் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஆடுகளுக்குப் பின்னால் கரையேறினார். நானும் அஞ்சலையும் அவருக்குப் பின்னால். ஒரு மதகோரமாகக் கொஞ்சம் அருகம்புல் இருந்தது. ஆடுகள் அதில் வாய் வைக்கவில்லை. நடுங்குகிற கால்களோடு, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, கால்வாய் விளிம்பில் இருந்த காட்டாமணக்குக்கு ஓடின. இலையை அல்ல, முதலில் பூவைத்தான் பிடுங்கின. ஊதாப் பூ வாயில் தொங்க, தலை ஆட ஆட மென்றன. ஒரு ஆடு மேடம் விரட்டியும் போகவில்லை. கொம்பைப் பிடித்து இழுத்தாலும் திரும்பத் திரும்ப அதையே பார்த்தது.

"பசிக்குத் தொட்டது, இப்போ விட முடியலை. வாரக்கணக்கில தின்னா மூளையைப் பிடிக்கும்" என்றார் மேடம். அப்புறம் தெருப்பக்கம் பார்த்தார். அஞ்சலை வீட்டு வேலியில் ஆடு எட்டுகிற உயரம்வரை ஒரு இலை இல்லை. அதற்கு மேலே பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது.

"இந்த வேலி யார் வெச்சது?"

"சார்தாம்மா போத்து குடுத்தாரு. ஆடு தொடாதுன்னாரு" என்றாள் அஞ்சலை. குற்றமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

மேடம் என்னைப் பார்த்தார். நான் பேசுவதற்காகத்தான் காத்திருந்தார் என்று இப்போது புரிகிறது. நான், "லேப் ரிப்போர்ட் வந்தாத்தானே மேடம் உறுதி?" என்றேன்.

அன்று மாலை ஒரு ஆடு செத்தது. கரையோரப் புங்கமரத்தடியில் மேடமே அறுத்துப் பார்த்தார். குடலில், ஈரலில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றுமில்லை. இரைப்பை நிறைய அரைபட்ட இலை. மண்டையோட்டைச் சின்ன ரம்பத்தால் சுற்றிவர அறுத்து, மூளையை ஒரு கீறல் விழாமல் எடுத்து, வாயகன்ற பாட்டிலில் பார்மலின் ஊற்றி அதில் இறக்கினார். இரண்டு மணி நேரம் வேலை. முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"ரிப்போர்ட் வர்ற வரைக்கும் செடின்னு அடிச்சுச் சொல்ல வேணாம். வேலியை மட்டும் பிடுங்கச் சொல்லுங்க. ஆனா பூச்சிமருந்துன்னு சொன்னீங்களே, அது இல்லைன்னு இப்பவே தெரியுது. அதை இன்னைக்கே போய்ச் சொல்லிடுங்க. நீங்க சொன்னது, நீங்கதான் எடுக்கணும்."

"சரிங்க மேடம்."

போனேன். சொல்லத்தான் போனேன். அஞ்சலை வாசலில் பாயைப் போட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தாள். நாலைந்து பேர் வந்து நின்றார்கள். "சார் மட்டும் அன்னிக்கு வந்து கண்டுபுடிக்கலன்னா மிச்சத்தயும் கொன்னுருப்பான்" என்றார் கலியமூர்த்தி. மோரைக் குடித்தேன். வேலிச் செடியில் பூச்சி அடையும், பிடுங்கிவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். திரும்பும்போது கரையில் ரெஜினா எதிரே வந்தார். கால்வாயிலிருந்து குடத்தில் தண்ணீர். என் மொபெட் போக ஒதுங்கி நின்று, "வணக்கம் சார்" என்றார்.

மறுவாரம் மேடம் கேட்டார். "சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன் மேடம்."

இதைப் போல ஒரு பொய்யை அதற்கு முன்னும் பின்னும் நான் சொன்னதில்லை என்று எழுத ஆசைதான். பின்னும் சொன்னேன். வருகிறது.

ரிப்போர்ட் வர ஐந்து வாரம் ஆனது. மூளைச் செல்களில் நுண்குமிழிகள், தாவர நச்சு என்று தெளிவாக இருந்தது. மேடம் பேனாவை எடுத்துத் தன் கட்டத்தில் எழுதினார். பதிவேட்டை என் பக்கம் திருப்பி, என் பழைய வரிக்குக் கீழே 'இது தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

"அருள்தாஸ்கிட்டயும் காட்டிட்டு வாங்க."

"அவங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க மேடம். நெல்லிக்குப்பம். ரெஜினாவோட அம்மா வீடு."

"எப்போ?"

"மூணு வாரம் இருக்கும்."

"நீங்க சொன்னதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடிதான்."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மருந்து வெக்கலைன்னு தெருவுக்கே தெரிஞ்ச பிறகு எதுக்குப் போகணும்?" என்றார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரிப்போர்ட்டின் நகலை என்னிடம் நீட்டினார். "போய் அவரைக் கூட்டிக்கிட்டு வாங்க. தெருவில நின்னு நீங்களே சொல்லுங்க. நான் வரமாட்டேன். நான் வந்தா நான் சொன்னதா ஆயிடும்."

நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை வாசலில் அருள்தாஸ் கரும்பு லோடு இறக்கிக்கொண்டிருந்தார். தோல் முழுக்கக் கரும்புச் சோகை அறுத்த கோடு. விஷயத்தைச் சொன்னதும் கரும்புக்கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "இத்த அங்க வந்து சொல்லுவீங்களா சார்?" என்றார். சொல்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்து, ரெஜினாவும் குழந்தையும் அவருமாக வந்தார்கள். தெருக்குழாய்க்குப் பக்கத்தில் எல்லாரும் கூடினார்கள். நான் ரிப்போர்ட்டைப் பிரித்தேன். எல்லாம் செடியின் வேலை, வேலிக்குப் போத்து கொடுத்தது நான், மருந்து என்று தப்பாகச் சொன்னதும் நான், அருள்தாஸ் மேல் ஒரு குற்றமும் இல்லை என்றேன். அதுவரை சரியாகத்தான் சொன்னேன். அப்போது கலியமூர்த்தி, "இது எப்ப சார் தெரிஞ்சிது?" என்று கேட்டார்.

"ரிப்போர்ட் இந்த வாரந்தான் வந்துச்சு" என்றேன்.

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

அஞ்சலை அழுதுகொண்டே ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொன்னீங்கன்னுதான சார் நான் இவள கொழாயாண்ட வுடல" என்று என்னைப் பார்த்து ஒரு தடவை சொன்னாள். உடனே அவளே, "நீங்களும் நல்லதுக்குத்தான போத்து குடுத்தீங்க" என்றாள். அருள்தாஸ் என் அருகில் வந்து என் இரண்டு கையையும் பிடித்தார். "படிச்சவங்க நீங்க. தப்புன்னு தெரிஞ்சதும் தேடிக்கினு வந்து ஒத்துக்கினீங்க. எத்தினி பேரு சார் ஒத்துப்பாங்க?" என்றார். கூட்டத்தில் சிலர் ஆமாம் என்றார்கள். யாரோ காப்பி வாங்கி வந்தார்கள். நான் குடித்தேன்.

மறுநாள் மேடம், "எல்லாத்தையும் சொன்னீங்களா?" என்றார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன் மேடம்."

அருள்தாஸ் திரும்பி வரவில்லை. மேஸ்திரி அவர் இடத்தில் வேறு ஆளைச் சேர்த்துவிட்டிருந்தார். அஞ்சலையிடம் நோய் கண்ட ஆடுகளில் ஐந்து மிஞ்சியது. செடியை விட்டுப் பிரித்ததில் மூன்றுக்கு நடுக்கம் நின்றது. இரண்டு கடைசிவரை தலையை ஆட்டிக்கொண்டே இருந்தன. வேலிகளைப் பிடுங்கி எரித்தோம். கால்வாயோரத்தில் பிடுங்கி முடியவில்லை. வெட்டிப் போட்ட துண்டெல்லாம் முளைத்தது. மேடம் அடுத்த வருஷம் மாற்றலாகிப் போனார். பிரிவுபசாரத்தில் எல்லாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னார். என் முறை வந்தபோது, "சாருக்கு ஊசி போடுற கை நல்ல கை" என்றார். அதோடு உட்கார்ந்துவிட்டார்.

அருள்தாஸ் குடும்பம் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது. கேக், முறுக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம். வளர்ந்த மகளிடம் என்னைக் காட்டி, "நான் சொல்வேன்ல, தப்ப ஒத்துக்கின சாரு, இவருதான்" என்பார். என் மனைவி அதை அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்வாள். இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கேக்கைத் தின்றிருக்கிறேன்.

தமிழரசியின் வீடியோவைப் பார்த்த மூன்றாம் நாள் நெல்லிக்குப்பத்துக்கு பஸ் ஏறினேன். அருள்தாஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முட்டி தேய்ந்துவிட்டது, லோடு இறக்கப் போவதில்லை. ரெஜினா உள்ளே இருந்து, "சாரா? வாங்க வாங்க" என்று குரல் கொடுத்துவிட்டு டீ போடப் போனார். அவர் வெளியே வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் ஆட்டின் தாடையைத் தூக்கிய அன்றே எனக்குத் தெரியும் என்பதை. அன்றே போய்ச் சொல்லச் சொன்னதை. போய் மோர் குடித்துவிட்டு வந்ததை.

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"எத்தினி வாரம் சார்?"

"அஞ்சு."

விரலை மடக்கி எண்ணினார். "நாங்க காலி பண்ணி ஒரு வாரத்துலதான் மேஸ்திரி லிஸ்ட் எடுத்தாரு" என்றார். கான்ட்ராக்ட் ஆட்களின் பேர் எடுத்த லிஸ்ட். அதில் ஏறினவர்களில் சிலர் பின்னாளில் பர்மனென்ட் ஆனார்கள். எனக்கும் தெரியும். அன்றைக்கே தெரியும்.

"மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்க வூட்டு ஜெபத்துல உங்க பேரு இருக்குது சார். தெனமும். ரெஜினாதான் வெச்சா. நல்ல மனுஷன், நமக்காக வந்து நின்னவருன்னு. இப்ப நான் அவகிட்ட இன்னான்னு சொல்லி அத்த எடுக்கச் சொல்றது?"

உள்ளே டீ டம்ளர் சத்தம் கேட்டது.

"கெளம்புங்க சார். அவ வர்றதுக்குள்ள கெளம்பிடுங்க. அவசரமா போன் வந்துச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை வேகமாக நடந்தேன். எனக்காக அவர் ஒரு பொய் சொல்லும்படி ஆகிவிட்டது.